எண்ணுக்குப் பக்கத்தில்

நல்லூரில் என் நண்பரின் பனியன் கம்பெனியில் அளவு பார்க்கும் அம்மா அவர். கழுத்தில் டேப், காதில் செருகிய பேனா. நோட்டில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் இஞ்ச் என்றோ சென்டிமீட்டர் என்றோ எழுதாமல் விடமாட்டார்.

இஞ்சும் சென்டிமீட்டரும் போல ஒரு வகை எண்ணோடு இன்னொரு வகை கலந்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அப்போது என் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் துணி வெட்டும் அளவு சொல்ல நண்பருக்கு நான் அவசரமாக எழுதிக்கொடுத்த புரோகிராமில் வெறும் எண்ணுக்கு மட்டுமே இடம் இருந்தது.

"இஞ்சா சென்டிமீட்டரான்னு எங்கீங்க சார் போடறது?" என்று அவர் கேட்டார்.

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியும்மா" என்றேன்.

தையலுக்கு விடும் ஒரு இஞ்சை, அது உடம்பு அளவின் சென்டிமீட்டரோடு வெறும் ஒன்றாகவே கூட்டிவிட்டது. வெட்டிய டி-சர்ட்டெல்லாம் சின்னதாகிப் போயின. நண்பர் அவரைத்தான் திட்டினார்.

"நாந்தானுங்க தப்பா அடிச்சுப்போட்டனாட்ட இருக்குது" என்று அவர் தலை குனிந்தார்.

அவருடைய நோட்டு அப்போது என் கையில் இருந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அதை மூடி மேஜைமேல் வைத்தேன்.

இப்போது கல்லூரியில் நான் எடுக்கும் வகுப்பில் இதைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். அந்தப் புரோகிராமை எழுதியது யார் என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டாள். தெரியாது என்றேன்.