கண்ணீர் அளவு உப்பு

எனக்குக் கோணல்மாணலாகத்தான் எழுத வரும். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. போதாததற்கு மறதி வேறு. ஒன்றைச் சொல்ல உட்கார்ந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று என் மகள் செல்விக்கு வயிற்றுப்போக்கு. பெசன்ட் நகர் கடற்கரையில் தின்ற மீன் வறுவலோ, வெயிலோ, தெரியவில்லை. ஐம்பதை நெருங்குகிற பெண். வேலை முடிந்து வரும்போதே திருவான்மியூர் மருந்துக்கடையில் அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கி வந்துவிட்டாள். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் கொட்டிக் குலுக்கினாள். வீடு முழுக்க ஆரஞ்சு வாசனை.

"மிட்டாயாட்டம் கீதும்மா" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள்.

நான் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தேன். இதே பெண்ணுக்கு இதே தண்ணீரை நான் கலந்த நாளில் ஆரஞ்சு வாசனை இல்லை. மண்ணெண்ணெய் வாசனைதான்.

அப்போது அடையாற்றுக் கரையில் எங்கள் குடிசை. அங்கே எதில்தான் மண்ணெண்ணெய் வாசனை இல்லை? தோசையிலும் அடிக்கும், தலையணையிலும் அடிக்கும். அடிபம்புத் தண்ணீருக்கு மட்டும் வேறு வாசம். அதைச் சொல்ல வேண்டாம், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி மாதம் ஒருமுறை சுகாதார நர்ஸம்மா வருவார். ஒருநாள் பிள்ளையார் கோயில் வாசலில் எங்களை உட்காரவைத்து, போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் விதத்தைச் சொன்னார். தூள் உப்பில் ஒரு சிட்டிகை என்றார். எங்கள் வீட்டில் இருந்தது கல் உப்பு. அதில் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று தூணுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் செல்விக்கு ஒன்றரை வயது. காலையிலிருந்து போக்கு. "தண்ணி காட்டாத. உள்ள போனா அப்டியே கீழ வந்துடும்" என்றார் மாமியார். எங்கள் குடிசை வரிசையில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நானும் மதியம்வரை ஒரு சொட்டு கொடுக்கவில்லை. எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. மதியம் பார்த்தால் பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது. உதடு ஒட்டிக்கொண்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து ஒண்ணுக்கும் போகவில்லை.

அப்போதுதான் நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிச் சர்க்கரை போட்டேன். உப்பு? கஞ்சிக்குப் போட்டுப் பழகிய கை. ஒரு கை கல் உப்பை அள்ளிப் போட்டுவிட்டது.

என் அழுகைச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். வாசலில் போய்த் துப்பினாள்.

"அடிப்பாவி! மெரினாவையே மொண்டுகினு வந்துட்டியா? இத்த குட்ச்சா கொயந்த இன்னும் காஞ்சி பூடும்டி!"

"அளவு தெரியலக்கா."

"கேக்குறதுக்கு இன்னா? நர்ஸம்மா உன்ன முழுங்கிடுமா?"

அதைக் கீழே கொட்டினாள். புதிதாக ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை. கல் உப்பைக் கரண்டிக் காம்பால் நசுக்கி, அதில் ஒரு சிட்டிகை.

"கண்ணீரவிட கரிக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிச்சு."

"அது எப்படிக்கா தெரியும்?"

"அழுதுகினுதான கீற? நக்கிப் பாரு."

கன்னத்தில் வழிந்ததை நக்கிப் பார்த்தேன். பிறகு டம்ளரில் விரலைத் தொட்டு நக்கினேன். சரியாக இருந்தது. அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது என் மடி சூடாக நனைந்தது.

"ஒண்ணுக்கு பூட்டாடி! பூட்டா!" என்று அக்கா கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சமே வரவில்லை. நனைந்த புடவையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்து செல்வி வீறிட்டாள். கன்னம் இரண்டிலும் கண்ணீர் ஓடியது.

"வழியெல்லாம் குடுத்துக்கிட்டே வந்தீங்களே, நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர்.

இப்போது அந்தக் கரையில் குடிசை ஒன்றுகூட இல்லை. எங்களை ஊருக்கு வெளியே ஒரு பக்கம் குடிவைத்தார்கள், மெஹருன்னிசா அக்காவை இன்னொரு பக்கம். அவள் எங்கே என்று தெரியவில்லை, அது மட்டும் வருத்தம். அடிபம்பு போயிற்று. கல் உப்பு ஜாடி போயிற்று. போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே என்கிற பேச்சும் எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று. போகட்டும், நிம்மதி. செல்வி பாட்டிலைக் காலி செய்து தூங்கி எழுந்து, இன்று காலை வேலைக்குப் போய்விட்டாள்.

பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. அப்படித்தான் ஞாபகம். என் ஞாபகத்தை நம்பிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது இந்த அளவைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அன்று தூணுக்குப் பின்னாலிருந்து கேட்காததை இன்று எழுந்து நின்று கேட்கிறேன்.