தண்ணீர் படக்கூடாத கை

மகளின் மணிக்கட்டுக்கு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். ஈரச் சுண்ணாம்பு வாடை. "பிரிக்கிற வரைக்கும் தண்ணி படக்கூடாதும்மா" என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகப் பண்ணைக் காரியக்காரர் தடியால் அடித்து முறித்த கை. அவரே கூட வந்து, "வரப்புல வழுக்கி விழுந்துட்டா, டாக்டர்" என்றார். அம்மா மறுக்கவில்லை. எங்கள் குடிசை பண்ணை நிலத்தில் இருந்தது. குடியிருப்பவருக்கே மனை என்று அரசு சட்டம் போட்டிருந்தது. எங்கள் தெருவுக்கு அது வந்துசேரவில்லை.

நடவு தொடங்கியதும் காரியக்காரர் வாசலில் நின்றார்.

"கட்டோட எப்படிங்க சேத்துல எறங்குறது?"

"கட்டுதானே இடைஞ்சல்? கைய நீட்டு."

கருக்கரிவாளால் அவரே அதை அறுத்தெறிந்தார். எலும்பு இன்னும் கூடியிருக்கவில்லை.

அறுவடைக்குப் போன அம்மாவின் கோணிய கையை அவர் உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கைய வச்சுகிட்டு என்னத்த அறுப்பே? வேற ஆள் வச்சாச்சு, போ."