ஆற்றை முகர்ந்து பார்த்த நாட்கள்

போலீஸ் நாய்க்கு அடுத்தபடியாக மூக்கை நம்பிச் சம்பளம் கொடுப்பது எங்கள் உத்தியோகத்தில்தான். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தேன். மணிக்கொரு தடவை ஆற்று நீரைக் குடுவையில் சூடாக்கி முகர வேண்டும். டீசல் வாடை அடித்தால் பம்ப்பை நிறுத்த வேண்டும். வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்து எங்களைத் திட்டிய அன்பர்களே, அந்த வரிசையில் நின்று என் மனைவியும் என்னைத் திட்டியிருக்கிறாள்.

ஜவ்வாது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து அப்படியே வேலைக்கு வந்துவிட்டேன். சட்டையெல்லாம் ஜவ்வாது. குடுவையை முகர்ந்தால் கமகமவென்று இருந்தது. ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதிவிட்டேன். என் மேலதிகாரி மேரி அக்கா சந்தேகப்பட்டு அதே குடுவையை முகர்ந்தார். ஓடிப்போய்ப் பம்ப்பை நிறுத்தினார். திரும்பி வந்து கேட்டார்: “தம்பி, நீ ஆத்த மோந்தியா, ஒஞ் சட்டைய மோந்தியா?”

பால் ஸ்டோர் வாடை

அன்றோடு ஜவ்வாது, பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டேன். மேரி அக்காவும் என்னைப் போல ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஓய்ந்த நேரத்தில் பழைய வாடைகளைப் பேசிக்கொண்டிருப்போம். ரப்பர் பாலைக் கொண்டுவந்து சேர்க்கும் பால் ஸ்டோரின் கழிவு நேராக ஓடையில்தான் விழும். கொஞ்சம் கீழே நாங்கள் குதித்து விளையாடுவோம். செத்த மீன்கள் பக்கத்திலேயே மிதக்கும். அந்த நாற்றத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

“அப்ப ஏங்க்கா யாரும் புகார் குடுக்கல?” என்றேன்.

“அந்த நாத்தந்தான் தம்பி நமக்குச் சம்பளம். யாரு போயி ரிப்போட் குடுப்பா?”

தாய்மாமன் சீர்

ஒரு தடவை டீசல் வாடை வந்து நானே பம்ப்பை நிறுத்தினேன். மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான். சுங்கை சோவில் என் அக்கா மகளுக்கு அந்த வாரம் பார்த்து மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடையோடு பத்துப் பெட்டி போத்தல் தண்ணீரையும் சுமந்துகொண்டு போனேன். பிள்ளைக்கு அதைத்தான் தலைக்கு ஊற்றினார்கள்.

அக்கா வீட்டுக்காரரின் லோரிப் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனேன். எங்கள் ஆற்றில் போய் விழும் கால்வாயில் அதே டீசல் வாடை. குடுவையே தேவைப்படவில்லை. “மாமா, நீங்களா?” என்றேன். அவர் காலிப் பீப்பாய்களைக் காட்டிச் சிரித்தார்.

“பழைய எண்ணெயும் டீசலும் ரெண்டே தோங்தான் மச்சான். கழிவ ஏத்திட்டுப் போறவனுக்கு யாரு டுயிட் எண்ணிக் குடுக்கிறது? இங்க எல்லாரும் ஊத்துறாங்க லா.”

மறுநாள் நானே புகார் எழுதிக் கொடுத்தேன்.

ஊரில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்துவிட்டது, அக்கா வீட்டில்தான் எனக்கு இன்றுவரை ஒரு டம்ளர் கிடைக்கவில்லை.