திருஇருதயப் படமும் ட்ரிப் சுவிச்சும்

போன கிழமை எங்கள் வீட்டு வயரிங்கைப் பார்க்க வந்தவர், போகும்போது ட்ரிப் சுவிச்சில் இருக்கும் சின்னப் பொத்தானை அமத்திப் பார்த்தார். ‘டக்’ என்றது. மின்விசிறி சுற்றிக் களைத்து நின்றது. “நல்லா வேலை செய்யுது ஐயா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்த ‘டக்’ ஒருகாலத்தில் எங்கள் குடும்பத்தை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தது.

அப்போது நாங்கள் பேசாலையில் இருந்தோம். அப்பா மீன் வியாபாரி. நான் மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கந்தோரில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த வயது. வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அது கடிக்கும். அதைத் திறப்பதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது: ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, முன்னால் கிடக்கும் பலகையில் ஏறி நின்று, புறங்கையால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைபிடியைப் பிடிக்கவேண்டும். வருகிற விருந்தாளிகளுக்கு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுப்போம். எங்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சில வீடுகளில் நாய் கடிக்கும், எங்கள் வீட்டில் பிரிட்ஜ்.

ஒருநாள் அம்மா பாரை மீன் கழுவிய ஈரக்கையோடு செருப்பையும் மறந்து அதைத் தொட்டுவிட்டார். அம்மா ஒரு பக்கம், பாரை ஒரு பக்கம். மீன் கூரைவரை போய் வந்ததாக அப்பா பிறகு எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி ட்ரிப் சுவிச் ஒன்றை எடுப்பித்தேன். எங்கேயாவது கரண்ட் ஒழுகினால், அது ஆளைப் பிடிப்பதற்கு முன் தானாக விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் முதலில் பூட்டியது என்று நான் கொஞ்சக் காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வயரிங் வேலை செய்யும் மரியதாஸ் அண்ணை வந்து அதைச் சுவரில் பூட்டி, நிலத்தில் எர்த் கம்பியும் இறக்கி, பிரிட்ஜின் கடியையும் நிறுத்திவிட்டுப் போனார்.

அன்றிரவே சுவிச் விழுந்தது. செபமாலை முடிந்து எல்லோரும் எழும்பிச் சோற்றுக்கு ஓடுகிற நேரம் ‘டக்’. அடுத்தநாளும் அதே நேரம். மாரிக்காலம், சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்தது. அப்பா இருட்டுக்குள் நின்று சொன்னார்: “வெளிச்சம் இருந்த வீட்டுக்கு இருட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்.”

மரியதாஸ் அண்ணை திரும்ப வந்தார். அவர் ஒவ்வொன்றையும் விசாரிக்கிற விதம் பங்குச் சுவாமியார் பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவங்களைக் கேட்பது போல இருக்கும். மின்விசிறியைக் கழற்றினார், இஸ்திரிக்கைப் பெட்டியைப் பூட்டிவைத்தார், வானொலியைச் சந்தேகப்பட்டார். கடைசியில் குற்றம் கழுதையில் வந்து நின்றது. மன்னார்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே, ரோட்டுக்கும் அவைதான் சொந்தக்காரர், மதிலுக்கும் அவைதான். ஒன்று பின்னேரத்தில் வந்து எர்த் கம்பிக்குப் பக்கத்தில் முதுகைத் தேய்ப்பது வழக்கம். அது கம்பியை ஆட்டுகிறதாம். செப நேரத்தில் கழுதையைக் கலைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். கையில் ஒரு பனைமட்டையோடு வெளியே நின்று, கழுதையைப் பார்த்தபடியே ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தைச் சொன்னேன். கழுதையும் அடக்கமாகத்தான் கேட்டது. உள்ளே ‘டக்’.

அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய மரியதாஸ் வந்து அந்தச் சாமானைக் கழற்றி, முந்திப்போல நேரே இணைக்கவேண்டும். அந்தப் பாரை மீன் கண்ணுக்கு முன்னால் பறந்தது. இன்னொருதரம் எங்கே, எந்த ஈரக்கையில் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். ஆனால் அம்மாவும் அப்பாவின் பக்கம் நின்றார். அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவருக்காகத்தானே இவ்வளவும்.

ஞாயிற்றுக்கிழமை மரியதாஸ் அண்ணை ஏணியில் ஏறி ஆணியைத் திருகத் தொடங்கியபோது அம்மா கீழே வந்து நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்:

“இதைக் கழட்டினா, முந்தி மாதிரி ஆண்டவர் என்ரை விரலிலை நிண்டு தொடுவாரோ?”

திருகிய கை நின்றது.

எங்கள் வீட்டுத் திருஇருதய ஆண்டவர் படம் பித்தளைச் சட்டம் போட்டது. அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். சுவாமியார் வந்து வீடு மந்திரித்த நாளில் ஏற்றியது. அதற்குச் சுவிச்சே கிடையாது, யார் போய் அதை அணைப்பார்கள்? இரவுச் செபம் முடிய நாங்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு சோற்றுக்கு ஓடிவிடுவோம். அம்மா மட்டும் கை கால் கழுவி வந்த ஈரத்தோடு அந்தச் சட்டத்தைத் தொட்டு நெற்றியில் வைப்பார். அப்போது விரலில் ஒரு சிலிர்ப்பு வருமாம். முழங்கைவரை ஏறுமாம். வருடக்கணக்காக. ஆண்டவரின் அருள் என்று நினைத்து, பெருமை பேசினால் போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தச் சுவிச் வந்த பிறகு, தொட்டவுடனே வெட்டிவிடுகிறதாம்.

“பிரிட்ஜும் அப்பிடித்தானே அம்மா அடிச்சது?” என்றேன்.

“அது பேய் அடிச்ச மாதிரி. இது வேறை.”

எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த மரியதாஸ் அண்ணைக்கு அந்தப் பல்ப் நினைவுக்கே வரவில்லை. அந்த வீட்டில் ‘எல்லாம்’ என்று சொன்னால் அதில் ஆண்டவர் சேர்த்தி இல்லை. சிலுவை போட்டுவிட்டுப் படத்தை இறக்கினார். பின்னால் உப்புக்காற்று தின்ற வயர், செம்பு வெளியே தெரிய சட்டத்தில் சாய்ந்துகொண்டிருந்தது. ஈரச் சுவருக்குள் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த கரண்டுக்கு அம்மாவின் விரல் கடைசித் துளி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, “அந்தச் சுவிச் கிடக்கட்டும்” என்றார். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

புது வயர் போட்டு, படத்தைத் திரும்ப மாட்டினார்கள். அன்றிரவு மரியதாஸ் அண்ணையும் எங்களோடு இருக்க, செபம் முடிந்தது. ஒருவரும் சோற்றுக்கு ஓடவில்லை. அம்மா போய்ச் சட்டத்தைத் தொட்டார். விளக்குகள் எல்லாம் அப்படியே எரிந்தன. மரியதாஸ் அண்ணை கை தட்டப் பார்த்தார். அம்மா கையை எடுக்கவில்லை. மற்றக் கையாலும் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்டும் வரேல்லைத் தம்பி,” என்றார் என்னைப் பார்த்து. “நான் ஏதும் பாவம் செய்திட்டனோ?”

நான் கரண்ட் ஒழுகுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அந்த வீடும் இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. இருக்கும்வரை ஒவ்வோர் இரவும் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு, சட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்று பார்ப்பார். அது திரும்பி வரவேயில்லை.