அக்கா அடை வைத்த பதின்மூன்று முட்டைகள்

போன வாரம் இலஞ்சியில் உறவுக்காரப் பையன் ஒருவன் குஞ்சு பொரிக்கும் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே பல்பு, விசிறி, வரிசையாக முட்டைகள். கோழி மட்டும் இல்லை. "சூடு கொஞ்சம் கூடிட்டுன்னா அம்புட்டும் போச்சு ஆச்சி. குஞ்சு உள்ளயே செத்துரும்" என்று சாதாரணமாகத்தான் சொன்னான். தலைசுற்றல் என்று பொய் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது தலைசுற்றல் இல்லை.

அந்தப் பெட்டியில் வைக்கோல் வாசனை கிடையாது. அக்காவின் கூடையில் அது மூக்கைத் துளைக்கும். யுத்தம் நடந்த காலம், எனக்குப் பத்து வயது. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லையென்று அக்காவை அவள் மாமியார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள். ஆனி மாதம் அந்த அம்மாள் இலத்தூரிலிருந்து பதின்மூன்று முட்டைகளோடு வந்தாள்.

"மதினி, உங்க மக கையால இத அடை வைக்கட்டும். பொரிச்சா நானே வண்டி கட்டி வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா எம்மவனுக்கு வேற எடம் பாக்கணும்."

அம்மா தலையாட்டினாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கோழிக்கு அடியில் வைத்தா பார்ப்பார்கள்? பார்த்தார்கள்.

எங்கள் கறுப்புக் கோழிக்கோ அடை கிடக்க மனமே இல்லை. அக்கா இருட்டு மூலையில் கூடை வைத்து, முட்டை ஓட்டில் மணல் அடைத்து இரண்டு பொய் முட்டைகளைப் போட்டாள். கம்புத் தானியத்தைக் கையில் வைத்து ஊட்டினாள். மனுஷியிடம் பேசுவதுபோல் அதனிடம் பேசினாள். நாலாம் நாள் அது இறகைச் சிலிர்த்து உட்கார்ந்து, கிட்டே போன என்னைக் கொத்த வந்தது. அந்த வருஷம் அக்கா சிரித்தது அன்றைக்குத்தான். இடி முட்டையைக் கெடுக்காமலிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு, பதின்மூன்றையும் அவளே வைத்தாள்.

சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் குளிக்க வரும் சொந்தக்காரர்கள் அருவியில் மணிக்கணக்காக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து வெந்நீர் கேட்பார்கள். அதனால் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு அணையாது. பன்னிரண்டாம் நாள் அக்கா முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். இரை எடுக்கப் போன கோழி நனைந்து, நடுங்கித் திரும்பியது. முட்டை குளிர்ந்துபோகுமே என்று, பெரிய வைத்தியச்சி மாதிரி, நான் கூடையைக் கோழியோடு அடுப்புப் பக்கம் இழுத்து வைத்துவிட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டேன்.

அக்கா வந்து, நானும் அவள் பின்னாலேயே நுழைந்தபோது கோழி கூடைக்கு வெளியே வாயைப் பிளந்து நின்றது. ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கூடையைப் பழைய மூலைக்குத் தூக்கிப்போனாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, யாருகிட்டயும் மூச்சு விடாத. அம்மாவுக்குத் தெரிஞ்சா உன் கையில சூடு வச்சிருவா."

இருபத்தோராம் நாள் மாமியார் வந்தாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அவளே ஒவ்வொன்றாக உடைத்தாள். உள்ளே குஞ்சுகள் பாதி உருவாகிச் செத்திருந்தன. "கை சரியில்ல மதினி" என்றாள். அக்கா தலை நிமிரவில்லை. நான் தூணுக்குப் பின்னால் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆவணியில் அத்தானுக்கு வேறு கல்யாணம் நடந்தது. அடுப்புச் சூடாக இருக்காது, இடியாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வளர்ந்தேன். என் மகன் பிறந்தபோது குழந்தையை அக்காவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "என் கை வேண்டாம்ட்டி" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இன்று அம்மா இல்லை, அந்த மாமியார் இல்லை, அத்தான் இல்லை. அக்கா போயும் வெகுகாலமாகிறது. அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல எனக்கு இப்போதுதான் வாய் வந்திருக்கிறது. கேட்க வேண்டியவர் ஒருவர்கூட மிச்சமில்லை.