எழுபது கிராம் ஈயம்

கம்பத்தில் குமுளி ரோட்டோரம் வீல் பேலன்சிங் கடை வைத்திருந்த ரபீக்குக்குத் தொழிலில் நல்ல பெயர். கோயம்புத்தூரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மெஷினோடு ஊர் திரும்பியவர். சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டால், எந்தப் பக்கம் எத்தனை கிராம் குறைகிறது என்று காட்டும். அந்த எடைக்கு ஈயத் துண்டை ரிம்மின் விளிம்பில் அடித்துவிட்டால் வண்டி உதறாது. இவ்வளவுதான் வேலை. இதில் ஒரு ஆள் சாவான் என்று யார் நினைப்பார்கள்?

இரண்டாயிரத்து ஆறில் நோன்பும் ஆயுத பூஜையும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அம்மாவாசி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகிற வண்டி அது.

"அறுபதத் தாண்டுனா ஸ்டியரிங் கெடந்து ஆடுது பாய். ஞாயித்துக்கெழம வண்டிக்குப் பூச போடணும். அதுக்குள்ள சரிபண்ணிக் குடுங்க."

முன்சக்கரத்தின் உள்பக்கம் மலைச் செம்மண் செங்கல்லாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். அது ரபீக்குக்குத் தெரியாததா? ஆனால் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது, நோன்பில் நாக்கு வேறு வறண்டு கிடந்தது. மண்ணோடேயே ஏற்றினார். எழுபது கிராம் கேட்டது. அடித்தார். அம்மாவாசி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வெண்ணெயா வழுக்குது பாய்" என்றார். ரபீக் அதற்குள் கை கழுவப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகக் கம்பமெட்டு இறக்கத்தில் வரும்போது ஜீப் பள்ளத்தில் பாய்ந்தது. அம்மாவாசி அந்த இடத்திலேயே முடிந்துபோனார். வேகமாக வந்தான், திருப்பத்தில் விட்டுவிட்டான் என்று ஊர் பேசியது. ரபீக்கை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நசுங்கிய ஜீப்பை அவரே போய்ப் பார்த்தார். ஈயம் அடித்த இடத்தில் அப்படியே இருந்தது. மண்தான் இல்லை. மண்ணின் எடைக்கு ஈடாக அடித்த ஈயம்; மண் போய்விட்டால் பிறகு அந்த ஈயமே வண்டியை உதறவைக்கும். விழுந்த வேகத்தில் மண் உதிர்ந்ததா, அதற்கு முன்பே போய்விட்டதா? முன்பே என்றால் அம்மாவாசியைக் கொன்றது அவர் கை.

அன்றிலிருந்து அம்மாவாசி அவரை விடவில்லை. மெஷின் சுற்றும் இரைச்சலுக்குள் "சரிபண்ணிக் குடுங்க" என்று கேட்டது. பட்டப்பகலில், வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் அந்தக் காக்கிச் சட்டை தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார், ஆள் இளைத்துப்போனார். மனைவி அம்சத் பீவி கேட்டதற்கு, சுகராக இருக்கும் என்றார். வருகிற சக்கரத்தையெல்லாம் அரைமணி நேரம் சுரண்டினார். "என்ன பாய், வண்டியக் கட்டிக்குடுக்கப் போறீகளா?" என்று டிரைவர்கள் கிண்டலடித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு, கேட்டுவிடுவது, தப்பு தன்னுடையது என்றால் சொல்லிவிடுவது என்ற முடிவோடு பக்கத்தில் கூடலூரில் இருந்த அம்மாவாசியின் வீட்டுக்குப் போனார். அம்மாவாசியின் மனைவி ராமுத்தாய் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய், உக்காருங்க."

"ஒண்ணு கேக்கணும்க்கா. பூசைக்கு வண்டியக் கழுவுனாகளா?"

"கழுவாம? ஞாயித்துக்கெழம ஆத்துல எறக்கில்ல கழுவுனோம். அவுக மேலாப்புல தண்ணிய ஊத்திட்டுப் போதும்னாக. நான் விடல. சாமிக்கு நிறுத்துற வண்டிய அழுக்கோட நிறுத்தலாமா? வீலுக்குள்ள அப்பிக் கெடந்த மண்ணப் பூராவும் அருவா நுனியால நானே நோண்டி எடுத்தேன். ஒரு பொட்டு விடல. புது வண்டி மாதிரி இருக்கு ஆத்தான்னு சொன்னாக. மறாநா லீவு. அப்புறம் செவ்வாய்க்கெழமதான் எடுத்தாக."

சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. புருஷனுக்குக் கடைசியாகச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்பதுபோல இருந்தது.

"எதுக்குப் பாய் கேக்குறீக?"

ரபீக் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தப்பைச் சொன்னால் அவள் நோண்டி எடுத்த அந்த மண்ணையும் சொல்ல வேண்டும்.

"சும்மாதான்க்கா," என்றார்.

சொல்ல வந்ததை அதன்பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை, அம்சத் பீவியிடம்கூட.