ஜும்ஆ நேரத்தில் விழித்த இருபது திரைகள்

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். 2008 மாசியில் ஒரு வியாழக்கிழமை, உத்தமபாளையத்திலிருந்து நூர்ஜஹான் டீச்சர் போன் செய்தார். அங்கே பெண்களுக்கான கம்ப்யூட்டர் மையம் நடத்துகிறவர். அவருக்கு இருபது தின் கிளையன்ட் பெட்டிகள் பொருத்திக் கொடுத்ததே நான்தான்.

"மேடம், பாதிப் பொட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. நாளான்னைக்குப் பரீட்சை. இங்கன நடக்கலைன்னா தேனிக்கு வரச் சொல்லிட்டாக. அம்புட்டுத் தூரம் புள்ளைகள அனுப்பமாட்டோம்னு பல வீட்டுல சொல்லிட்டாக."

நான் பொருத்தியது எழுந்திருக்கவில்லையா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் காலை 5.30க்கு ஆரப்பாளையத்தில், உத்தமபாளையம் வழியாகப் போகும் கம்பம் பஸ். டிக்கெட் முப்பத்தேழு ரூபாய், தூரம் சுமார் நூறு கிலோமீட்டர். ஆண்டிபட்டியில் டீ குடிக்க நேரம் கொடுப்பார்கள், விட்டுவிடாதீர்கள். தேனி தாண்டியதும் இடது ஜன்னல் உங்களுடையதாக இருக்கட்டும், மேகமலை கூடவே வரும். வழியிலுள்ள வீரபாண்டிக் கோயில் திருவிழா சமயத்தில் மட்டும் அவசர வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ் நகராது, நீங்களும் இறங்கிக் கூட்டத்தோடு போய்விடுவீர்கள்.

ஒன்பதரைக்கு மையத்தில் இருந்தேன். தின் கிளையன்ட் என்பது ஹார்ட் டிஸ்க் இல்லாத சின்னப் பெட்டி. கரண்ட் வந்ததும் நெட்வொர்க்கில் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், எந்தக் கோப்பிலிருந்து துவங்கட்டும்?" என்று கேட்கும். சர்வர் பதில் சொன்னால்தான் அதற்கு உயிர். இங்கே பல பெட்டிகள், துவக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கறுப்பாக நின்றன. எழுந்தவற்றிலும் ஆறில் படம் இல்லை, "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்ற எழுத்து மட்டும். அந்த ஆறும், நான் பொருத்திவிட்டுப் போன பிறகு யாரோ தானமாகக் கொடுத்த பழைய குண்டு மானிட்டர்கள். பெட்டி அனுப்பும் பெரிய படத்தை அவற்றால் தாங்க முடியவில்லை. சர்வரில் அந்த ஆறு பெட்டிகளுக்கு மட்டும் படத்தின் அளவையும் வேகத்தையும் குறைத்து எழுதினேன். ஆறும் பளிச்சென்று தெரிந்தன.

மீதிதான் உயிரை எடுத்தது. கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், சர்வரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டரைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகத் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. சலித்துப்போய் எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். இருபதும் எழுந்தன!

"பாத்தீகளா டீச்சர், என் கைராசிய!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனேன். திரும்பி வந்து, சோதித்துப் பார்க்க இருபதையும் அணைத்துப் போட்டேன். எட்டுதான் எழுந்தன.

அப்போதுதான் கறுப்புத் திரை ஒன்றில் இருந்த முகவரியை ஒழுங்காகப் படித்தேன். அது என் சர்வர் கொடுக்கிற முகவரியே இல்லை. வேறு யாரோ பதில் சொல்கிறார்கள். சுவிட்சிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு போனேன். நீல ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியேறிப் பக்கத்து ஏலக்காய்க் கடைக்குள் போனது. அங்கே புத்தம்புது மோடம்.

கடைக்காரர் காதர் பாய் சிரித்தபடி எழுந்தார். "நாந்தான் குடுத்தேன் தாயி. கடைக்கு பிராட்பேண்ட் வந்துச்சு, புள்ளைகளும் பாக்கட்டுமேன்னு இழுத்து விட்டேன்."

டீச்சரைப் பார்த்தேன். "ஆமா மேடம், இன்டர்நெட் நல்லாத்தான வருது?" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்ததை யாராவது மெக்கானிக்கிடம் சொல்வார்களா? இந்த ஊரில் இன்டர்நெட்டும் அப்படித்தான்.

மோடமும் என் சர்வரைப் போலவே முகவரி கொடுக்கும். ஆனால் துவக்கக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது முந்திக்கொண்டால் பெட்டி அவுட். தொழுகைக்குக் கிளம்பும்போது பாய் கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார், மோடமும் அணைந்துவிடும். என் கைராசி அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. "எம்மகளும் நாளைக்கு எழுதுறா. நானே கெடுத்துட்டேனே" என்று ஒயரைப் பிடுங்கப் போனார்.

"கைய எடுங்க பாய், அது இருக்கட்டும்" என்றேன். மோடத்தில் முகவரி கொடுக்கும் வேலையை மட்டும் நிறுத்தினேன். கடைக் கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி ஒன்றைக் கையால் எழுதினேன். பாயின் மெயின் ஓடிக்கொண்டிருக்க, இருபதையும் மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் இருபதும் எழுந்தன. இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

இதே வேலையாக வெளியூர் போகிறவர்களுக்கு: கறுப்புத் திரையில் இருக்கும் முகவரியை முதலில் படியுங்கள். பழைய மானிட்டருக்குச் சின்னப் படம் அனுப்புங்கள். "புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "யாராவது ஏதாவது கொடுத்தாங்களா?" என்றும் கேளுங்கள். ராத்திரி தங்க லாட்ஜ் தேடாதீர்கள், டீச்சர்கள் விடமாட்டார்கள்.

சனிக்கிழமை பரீட்சை முடிந்தது. விடைகளைச் சென்னையிலுள்ள தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய நேரத்தில், வழக்கமாக அனுப்பும் மையத்தின் டெலிபோன் லைன் செத்துக் கிடந்தது. பாயின் நீல ஒயர் வழியாகவே அனுப்பினேன். அவர் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வரத் தயங்கிக்கொண்டே கேட்டார்: "என் லைனால இன்னைக்கும் எதுவும் தொந்தரவு இல்லையே தாயி?"

"உங்க லைன்லதான் பாய், உங்க மக எழுதுனது சென்னைக்குப் போய்க்கிட்டு இருக்கு."

அவர் கடைப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "ஏலே, மெயினு பக்கம் ஒருத்தனும் கை வச்சிராதீக!"